கட்டுச்சோறும் கணினியும்

நெடுவழி செல்லும் ஒருவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தனுப்புதல் நம் முன்னோர் வழக்கம். வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோற்றை வைத்து மடித்து, நாரினாற் கட்டிக் கொடுக்கும் தாயொருத்தி, அதனைக் கட்டும்போதே பல செய்திகளை மனத்திற் கொள்கிறாள். பயணம் எத்துணைத் தூரம்? வழியிலே தண்ணீர் கிடைக்குமா? உண்ணும் வேளைவரையிற் சோறு பழுதாகாதிருக்குமா? மகனை இன்னொரு வகையாகவும் வழியனுப்பலாம். கையிலே காசைக் கொடுத்து, "வழியிலே கடை இருக்கும், வாங்கிச் சாப்பிடு" என்று சொல்லிவிடலாம். கடை இருந்தால் இதனிலும் எளிய வழி வேறில்லை. கடை இல்லாவிட்டாலோ காசைத் தின்ன முடியாது.

இலக்கியப் பக்கத்தைத் திறந்த வாசகர், சோற்றுக் கதை எதற்கு என்று ஐயுறலாம். நான் எழுதப் புகுந்தது கணினியைப் பற்றியே. ஒரு மென்பொருளை ஆக்குவது ஒரு வேலை. அதனை முன்பின் அறியாத ஒருவரின் கணினியிலே குடியேறி இயங்கும்படி பொதிசெய்து அனுப்புவது மற்றொரு வேலை. முதல் வேலையைப் பற்றிப் பேசுவோர் பலர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் சிலர். நானும் அதனைப் பொருட்படுத்தாதிருந்தவன்தான். நெடுந்தீவிலே ஒரு பாடசாலையில், ஓர் இளம் ஆசிரியையின் முன்னே தலைகுனிந்து நின்ற நாளில்தான் அதன் அருமை எனக்குப் புலனாயிற்று.

நெடுந்தீவிற் கற்ற பாடம்

முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மென்பொருள் எழுதுவது என் தொழிலன்று. ஆயினும் கொழும்பிலே பொறியியலாளராகப் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவருடன் சேர்ந்து, தமிழ்ச் சொற்பயிற்சிக்கென ஒரு சிறு மென்பொருளை ஆக்கினேன். பயிற்சிகளை நான் எழுதினேன். நிரலை அவர் எழுதினார். சொற்களின் சரியான உச்சரிப்பை மாணாக்கர் கேட்கவேண்டுமென்று மூன்று மணி நேர ஒலிப்பதிவும் சேர்த்தோம். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதாற் கேளாமற் கண்ணால் மட்டும் கற்றல் இயலாதன்றோ?

2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அறிந்தவர்களின் துணைகொண்டு ஆறு பாடசாலைகளுக்கு அதனை அனுப்பினோம். அனுப்பியது இரண்டு மெகாபைற்று அளவுள்ள மிகச் சிறிய கோப்பு. அதனைத் திறந்தால், எஞ்சிய 240 மெகாபைற்றையும் அதுவே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். எங்களுக்கு இஃது எளிதாகத் தோன்றிற்று. அனுப்புவது சிறியது, பெறுபவர் எப்பொழுது இறக்கினாலும் புதிய பதிப்பே கிடைக்கும். கொழும்பிலிருந்த என் மாணாக்கர் இரண்டு நிமிடத்தில் நிறுவிக் காட்டினார். நானும் மகிழ்ந்தேன்.

ஒரு மாதம் கழிந்தபின், குறிகட்டுவானிலே படகேறி நெடுந்தீவுக்குச் சென்றேன். பவளக் கல்லினால் அடுக்கிய மதில்களைக் கடந்து பாடசாலையை அடைந்தபோது, கணினி அறையிலே பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஆவலோடு காத்திருந்தனர். சொற்பயிற்சி எந்தக் கணினியிலும் இருக்கவில்லை.

"மூண்டு இரவு வைச்சுப் பாத்தனான், சேர்," என்றார் ஆசிரியை. "தொண்ணூற்று நாலு வீதம் வரைக்கும் வரும், பிறகு நிண்டுபோகும். திருப்பித் தொடங்கினால் முதலிலயிருந்துதான்."

"டேட்டாவுக்குக் காசு ஆர் போட்டது, பிள்ளை?"

"அது என்ர காசுதான், சேர். பரவாயில்லை."

நான் கணித ஆசிரியன். மனம் தானாகவே கணக்கிட்டது. 240 இல் 94 வீதம், அதன் மூன்று மடங்கு. ஏறத்தாழ 677 மெகாபைற்று. அந்த ஆசிரியையின் சம்பளத்திலிருந்து அத்தனையும் செலவாகி, ஒரு சொல்தானும் பிள்ளைகளின் காதுக்கு எட்டவில்லை. அவ்வேளையிலே முன்வாங்கில் இருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், நெற் இல்லாட்டி இது ஓடாதோ?" என்று கேட்டாள்.

ஓடும் என்பதே அவளுக்குரிய உண்மையான விடை. சொற்பயிற்சி இயங்குவதற்கு இணையம் வேண்டியதில்லை. அதனை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு மட்டுமே இணையத்தைக் கட்டாயமாக்கியிருந்தோம். "கடையில் வாங்கிச் சாப்பிடு" என்று காசு கொடுத்தனுப்பிய பெற்றோர் நாங்கள். மாலைப் படகிலே திரும்பும்போது, கடற்காற்று முகத்தில் அடித்தும் என் முகத்தின் வெப்பம் தணியவில்லை.

ஒரே வேலை, பல வாய்மொழிகள்

அன்று தொடக்கம் நாங்கள் இருவரும் ஏனைய ஐந்து பாடசாலைகளையும் விசாரித்தோம். அங்கேயிருந்த கணினிகளின் வகைகளைக் கேட்டறிந்தபோது திகைப்பே மேலிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் நன்கொடையாக வந்த மேசைக் கணினிகள்; புதிதாகக் கிடைத்த மடிக்கணினிகள்; லினக்ஸ் இயங்குதளம் இட்ட பழைய பெட்டிகள்; வெளிநாட்டு உறவினர் அனுப்பிய உள்ளங்கையளவான றாஸ்பெரி பை கணினிகள் இரண்டு; ஓர் ஆசிரியரின் சொந்தமான அப்பிள் மடிக்கணினி. ஒரே பொதி இவை அனைத்திலும் இயங்காது. ஏன்?

மென்பொருளின் கட்டளைகளை நிறைவேற்றுவது செயலி. செயலிகள் எல்லாம் ஒரே கட்டளைமொழியைப் பேசுவனவல்ல. வட்டெழுத்திலே தமிழ் எழுதப்பட்டிருந்தாலும், இன்றைய எழுத்தை மட்டும் அறிந்தவர் அதனைப் படிக்கமாட்டார். பொருள் ஒன்றே, வரிவடிவம் வேறு. செயலிகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. இன்டெல் நிறுவனம் 1978 இல் வெளியிட்ட 8086 என்னும் செயலியின் வழிவந்த குடும்பம் ஒன்று. இக்குடும்பத்தின் 32 இருமத் தலைமுறை 1985 இல் 80386 என்னும் செயலியோடு தொடங்கிற்று. 64 இருமத் தலைமுறையை 2003 இல் ஏஎம்டி நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே ஏகோர்ண் நிறுவனத்தார் 1985 இல் உருவாக்கிய ஆர்ம் என்னும் குடும்பம் மற்றொன்று. இன்று நம் கைத்தொலைபேசிகளில் உள்ளவை பெரும்பாலும் இக்குடும்பத்தினவே. 2012 இல் வெளிவந்த றாஸ்பெரி பையும், 2020 நவம்பர் முதல் வெளிவரும் அப்பிள் நிறுவனத்தின் சொந்தச் செயலி கொண்ட கணினிகளும் இவ்வினத்தைச் சார்ந்தன.

32, 64 என்னும் எண்களுக்கும் பொருளுண்டு. 32 இரும முகவரியைக் கொண்டு 4,294,967,296 இடங்களையே சுட்டலாம்; இதுவே நான்கு கிகாபைற்று என்னும் எல்லை. 64 இருமச் செயலிக்கு அந்த எல்லை இல்லை. இங்கே ஒரு நல்வாய்ப்பு உண்டு. 64 இரும விண்டோஸ், 32 இருமத்துக்கெனக் கட்டிய மென்பொருளையும் ஏற்று இயக்கும். 32 இரும விண்டோஸோ 64 இருமத்துக்குக் கட்டியதை இயக்கமாட்டாது. ஆகவே, எங்கள் சிறு மென்பொருளை விண்டோஸுக்கு 32 இருமமாகவே கட்டினால், பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் ஒரே பொதி போதும். முதலில் நாங்கள் கட்டியது 64 இருமத்துக்கு மட்டுமே. புதியதே சிறந்ததென்னும் எண்ணம் எங்களையும் விட்டபாடில்லை.

லினக்ஸிலே சிக்கல் வேறு வகையினது. அங்கே மென்பொருள்கள் பொதுவான நூலகங்கள் பலவற்றை ஒன்றுக்கொன்று பகிர்ந்து பயன்படுத்துகின்றன. "அம்மியை அண்டை வீட்டில் வாங்கிக்கொள்க" என்று சமையற்குறிப்பில் எழுதுவது போன்றது இது. அண்டை வீட்டில் அம்மி இல்லையெனில் சம்பல் இல்லை. மேலும், புதிய லினக்ஸிற் கட்டிய மென்பொருள், தான் கட்டப்பட்ட இடத்து அடிப்படை நூலகத்தின் புதிய பதிப்பை எதிர்பார்த்துப் பழைய லினக்ஸிலே இயங்க மறுக்கும். பழையதிற் கட்டியது புதியதிலே பெரும்பாலும் இயங்கும். ஆதலால், யாருக்கு அனுப்பவேண்டுமோ அவருள் மிகப் பழைய கணினி வைத்திருப்பவரின் நிலையிலிருந்து கட்டுதல் வேண்டும். தேவையான நூலகங்களைப் பொதிக்குள்ளேயே வைத்தலும் வேண்டும்.

"உங்கள் கணினி 32 இருமமா, 64 இருமமா?" என்று ஆசிரியரைக் கேட்பதையும் கைவிட்டோம். அதனை அறிந்துகொள்வது ஆசிரியரின் கடமையன்று. பொதி திறக்கப்பட்டவுடன் தானே சுற்றிப் பார்த்து, எவ்விடம் வந்திருக்கிறேன் என்று அறிந்து, தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளல் இயலும். விருந்தினன் வீட்டின் முறையறிந்து நடப்பதன்றி, வீட்டாரைத் தன் முறைக்கு மாற்றுவது பண்பாகாது.

எழுத்துருவும் உடன்செல்ல வேண்டும்

தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லையையும் இங்கே சொல்லவேண்டும். நம் நாட்டிலே பல ஆண்டுகளாகப் பாமினி முதலிய எழுத்துருக்களிலே தட்டச்சிட்டு வந்தோம். அம்முறையிலே கணினிக்குள் சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவானது அவற்றுக்குத் தமிழ் முகமூடியை அணிவிக்கிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே முகமூடி கழன்றுவிடும். திருக்குறளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். யான் எழுதிய பயிற்சிகளிற் பாதி அம்முறையிலேயே இருந்தன. அவை அனைத்தையும் யூனிகோட் முறைக்கு மாற்றினோம். 1991 இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. இவ்வாறு மாற்றியபோதும் ஒரு தமிழ் எழுத்துருவைப் பொதியினுள் வைத்தே அனுப்பினோம். மறுமுனையிலே என்ன இருக்கும் என்று நம்பியிருப்பதைவிட உடன் எடுத்துச்செல்வதே மேல்.

அறுந்துபோகும் வழி

இனி, வழியைப் பற்றிப் பேசுவோம். இணையம் என்பது எங்கும் எப்போதும் நிறைந்திருப்பது என்று எண்ணுவோர் நகரவாசிகள். 2004 ஆகஸ்டு மாதத்திலே கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கம்பியைச் சேதப்படுத்தியபோது, இந்நாட்டின் இணையத் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. 2021 இல், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையிலே, பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே மலையேறிய செய்தியை நாம் படித்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் மறந்துவிடவில்லை. தொண்ணூறுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவருக்கு, கம்பியையும் மின்சாரத்தையும் நம்பியிருத்தல் எத்தகையதென்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

வழி அறுந்துபோகும் என்பதை ஏற்றுக்கொண்டால், செய்யவேண்டியவை தாமே தெளிவாகும். முதலாவது, சுமையைக் குறைத்தல். எங்கள் ஒலிப்பதிவு நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைற்றாக இருந்தது. பாட்டுக் கச்சேரிக்கு வேண்டிய தரம் சொல்லொன்றின் உச்சரிப்புக்கு வேண்டியதில்லை. 2012 இல் பொதுநியமமாக வெளிவந்த ஒபஸ் என்னும் ஒலிச்சுருக்க முறையால் நிமிடமொன்றை 180 கிலோபைற்றாக்கினோம். ழகரத்தின் இனிமை குன்றவில்லை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை கேட்டு உறுதிசெய்தேன். மூன்று மணி நேரப் பதிவு 173 மெகாபைற்றிலிருந்து 32 ஆகச் சுருங்கிற்று. வேண்டாதவற்றை நீக்க, விண்டோஸுக்கான முழுப்பொதி 62 மெகாபைற்றாயிற்று. நொடிக்கு 20 கிலோபைற்று வரும் மெல்லிய இணைப்பிலே முன்னையது மூன்று மணி இருபது நிமிடம் எடுக்கும். பின்னையதற்கு 52 நிமிடம் போதும்.

இரண்டாவது, விட்ட இடத்திலிருந்து தொடர்தல். கோப்பொன்றின் இன்ன பகுதியை மட்டும் தருக என்று கேட்கும் வசதி, வலைத்தளங்களுக்கான நெறிமுறையிலே 1997 ஆம் ஆண்டு தொடக்கமே உண்டு. நாங்கள் அதனைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவே. நெடுந்தீவு ஆசிரியையின் மூன்று இரவுகளையும் விழுங்கியது தொழில்நுட்பத்தின் குறையன்று, எங்கள் கவனக்குறைவு. இப்போது பொதியை ஒரு மெகாபைற்றுத் துண்டுகளாக்கினோம். இடையிலே தொடர்பு அறுந்தால் இழப்பது ஒரு துண்டை மட்டுமே.

மூன்றாவது, வந்தது பழுதின்றி வந்ததா என்று அறிதல். ஏடெழுதுவோர் கைப்பிழையால் ஓரெழுத்து மாறினும் பாடபேதம் தோன்றிவிடும். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பெரியோர், ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்குவதிலே கண்ணொளியைச் செலவிட்டனர். கணினிக் கோப்பிலே ஓர் இருமம் பிறழ்ந்தாலும் மென்பொருள் முழுதும் முடங்கக்கூடும். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து உடன் வைக்கிறோம். எஸ்எச்ஏ-256 என்னும் முறையிலே அது 64 இலக்கமுடையது. துண்டிலே ஓரிடம் மாறினும் எண் முழுதும் வேறாகிவிடும். பெற்ற கணினி தானே அவ்வெண்ணை மீண்டும் கணித்துப் பார்க்கும். ஒவ்வாத துண்டை மட்டும் மறுபடி கேட்கும்.

நான்காவது, நிறுவிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் என் செய்வது? பழைய பதிப்பு பாதி, புதிய பதிப்பு பாதியாக நின்றுவிட்டால் இரண்டும் பயன்படா. கோயிலிலே திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைப்பர். வேலை முடிந்து குடமுழுக்கு நிகழும்வரையிற் பூசை அங்கே தடையின்றி நடைபெறும். எங்கள் பொதியும் அவ்வாறே செய்கிறது. புதிய பதிப்பு முழுவதையும் ஒதுக்கமான ஓரிடத்திலே வைத்துச் சரிபார்த்து முடிந்தபின், கடைசிக் கணத்திலே பெயரை மட்டும் மாற்றுகிறது. அதுவரை பழையது வழக்கம்போல இயங்கும்.

ஐந்தாவது, இணையமே இல்லாமல் அனுப்புதல். 2009 செப்தெம்பரில் தென்னாபிரிக்காவிலே ஹொவிக் என்னும் ஊரிலிருந்து டர்பன் நகருக்கு, நான்கு கிகாபைற்று நினைவகத்தைக் காலிற் கட்டிய புறா ஒன்றைப் பறக்கவிட்டனர். பறந்ததும் நகலெடுத்ததும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேலாயிற்று. அதே நேரத்தில் இணையக் கம்பிவழியே போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு நான்கு பங்குதான். கிளியையும் அன்னத்தையும் தூதுவிட்ட நம் புலவர்கள் இதனைக் கேட்டால் நகைக்கமாட்டார்கள். எங்களுக்குப் புறா தேவைப்படவில்லை. பென்டிறைவும், பழைய கணினிகளுக்கு இறுவட்டும், பேருந்துச் சாரதிகளின் நல்லெண்ணமும் போதியனவாயிருந்தன.

மாணாக்கரின் மறுப்பு

என் மாணாக்கர் இவற்றையெல்லாம் எளிதில் ஒப்புக்கொண்டாரல்லர். அவர் கூறிய மறுப்புகளை மறைப்பது நேர்மையாகாது.

"சேர், நீங்கள் பழசைத் தூக்கிச் சுமக்கச் சொல்லுறீங்கள்," என்றார். "ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பொதி எண்டால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாத்தையும் திரும்பச் சோதிக்கவேணும். உலகமே பழசைக் கைவிடேக்க நாங்கள் ரெண்டு பேர் என்ன செய்யிறது?"

அவர் கூற்றிலே உண்மையுண்டு. 2021 இல் வந்த விண்டோஸ் 11 இற்கு 32 இருமப் பதிப்பே இல்லை. விண்டோஸ் 7 இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிவுற்றன. பழைய கணினிகளுக்குப் புகலிடமாயிருந்த தெபியன் லினக்ஸும் 2025 ஆகஸ்டில் வெளிவந்த தன் 13 ஆம் பதிப்பிலே, 32 இரும இன்டெல் கணினிகளுக்கான நிறுவுபொதியை நிறுத்திவிட்டது. உபுண்டு லினக்ஸின் இறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாக அஞ்சலிலே அனுப்பிய நாட்கள் உண்டு. அந்த வழக்கமும் 2011 இல் நின்றுபோயிற்று. பாதுகாப்பும் ஒரு கேள்வியே. கைமாறித் திரியும் பென்டிறைவ் மென்பொருளை மட்டுமன்றி வைரசையும் சுமந்து செல்லும். ஒரு முறை கொடுத்துவிட்ட பொதியிலே பிழை கண்டால் அதனைத் திரும்ப அழைக்கவும் இயலாது.

நான் அவருக்கு ஒன்றே சொன்னேன்: "தம்பி, எல்லாரையும் சுமக்க எங்களாலே ஏலாது. ஆனால் ஆரை விடுறம் எண்டு தெரிஞ்சு விடவேணும், தெரியாமல் விடக்கூடாது."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் ஒரு தாளை எடுத்து, ஆறு பாடசாலைகளின் கணினிகளையும் வகைப்படுத்தி எழுதினார். விண்டோஸுக்கு ஒரு பொதி, லினக்ஸிலே இன்டெல் வழிக்கு ஒன்று, ஆர்ம் வழிக்கு ஒன்று, அப்பிளுக்கு ஒன்று. நான்கு பொதிகள். பென்டிறைவ்களுக்குப் பதிலாக, எழுதியபின் மாற்ற முடியாத இறுவட்டுகளை இயன்ற இடங்களிற் கொடுப்பது என்றும் முடிவுசெய்தோம். இறுவட்டிலே பின்னர் வைரசு புக வழியில்லை.

விடப்பட்டது ஒன்று. வன்னியிலே ஒரு சிறு பாடசாலையில் இருந்த மூன்று கணினிகளும் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் கொண்டவை. அதற்கான ஆதரவு 2014 ஏப்பிரலிலேயே முடிந்துவிட்டது. எக்ஸ்பியிலே தமிழ் யூனிகோட் எழுத்துகள் ஒழுங்காகத் தோன்றவேண்டுமாயின், அதன் மூல இறுவட்டிலிருந்து சில கோப்புகளைச் சேர்க்கவேண்டும். அந்த மூல இறுவட்டு எங்கே போயிற்றென்று அங்கு யாருக்கும் தெரியவில்லை. எங்கள் நிரலுக்கு அடிப்படையான கருவிகளும் எக்ஸ்பியை விட்டுப் பல ஆண்டுகளாயின. இரு வாரம் முயன்று தோற்றோம்.

அப்பாடசாலையின் அதிபருக்கு நானே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சொன்னதே பெரிய காரியம், மாஸ்ரர்," என்றார். "மற்ற ஆக்கள் சொல்லிறதில்லை. நாங்கள்தான் எங்களிலை ஏதோ பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருப்பம்." பின்னர் பயிற்சிகளைத் தாளிலே அச்சிட்டு, ஒலிப்பதிவுகளைச் சாதாரண இறுவட்டு இயக்கியிலே கேட்கத்தக்க வடிவிற் பதிந்து அனுப்பினோம். அது மென்பொருளாகாது, ஆயினும் வெறுங்கையுமன்று.

மீண்டும் நெடுந்தீவு

அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே மறுபடியும் நெடுந்தீவுக்குப் படகேறினேன். பையிலே இரண்டு இறுவட்டுகளும் ஒரு பென்டிறைவும் இருந்தன. நான் தொடவில்லை, ஆசிரியையே நிறுவினார். மூன்றாவது கணினியில் நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. என் நெஞ்சும் ஒரு கணம் நின்றது. இருபது நிமிடத்தின்பின் மின்சாரம் வந்ததும், எங்கே விட்டதோ அங்கிருந்தே தொடர்ந்து முடித்தது. ஒரு பாடவேளை கழியுமுன்னர் ஏழு கணினிகளும் ஆயத்தமாயின. ஆசிரியையின் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு கிலோபைற்றும் செலவாகவில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவி இம்முறை காதிலே ஒலிவாங்கியை மாட்டி, "வாழை, வாளை, வாலை" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒலிவாங்கியன்று, ஒலிகேட்பி என்று அவளே என்னைத் திருத்தினாள். ஆசிரியனைத் திருத்தும் மாணாக்கர் இருக்கும் வரையிற் கல்விக்குக் கவலையில்லை.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணாக்கருள் நாளை மென்பொருள் ஆக்கப்போகிறவர்கள் பலர் இருப்பர். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் மேசைமீது வேகமாக ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தபின், அதனை ஒரு நாள் மிகப் பழைய கணினியொன்றிலே இட்டு, நடுவிலே இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். அப்போது நிகழ்வதுதான் தொலைவிலே இருக்கும் ஓர் ஆசிரியையின் மூன்று இரவுகள். அறிவைத் தேடி வருபவருக்கு அதனை ஆக்கி வைத்தல் மட்டும் போதாது. அவர் கைசேரும் வண்ணம் கட்டிக் கொடுத்தலும் நம் கடமையே. சோறு சமைத்தவளே பொதியையும் கட்டுகிறாள்.